பராமரிப்பவர் பெயர்

ஜாபிரியாவில் அந்தப் பகல்நேரக் காப்பகம்
எட்டரைக்குத் திறக்கும்.
வேனின் பின்னால் சாய்வுப் பலகை இறங்க
சக்கர நாற்காலியோடு நானும் இறங்குவேன்,
பின்பக்கமாக, இடுப்பால் முட்டுக்கொடுத்து.
அப்படி இறக்கினால்தான்
லூல்வா மாமா பயப்படமாட்டாள்.

குவைத்தில் மாமா என்றால் வீட்டுக்காரி.
வந்த புதிதில் ஊருக்குப் பேசும்போது
"மாமாவைக் குளிப்பாட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.
என் புருஷன் ஒரு வாரம் போனை எடுக்கவில்லை.
லூல்வா என்றால் முத்தாம்.
எங்கள் தூத்துக்குடியில் அதுவும் ஆம்பளைப் பேர்.

முதல் நாள் படிவத்தில்
பராமரிப்பவர் பெயர் என்ற கட்டத்தில்
மகள் ஹெஸ்ஸா கையெழுத்துப் போட்டாள்.
வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம்
பராமரிப்பவருக்கு ஓய்வு என்று
சுவரில் எழுதியிருப்பதை
மலையாள நர்ஸ் ஷைனி படித்துச் சொன்னாள்.

ஹெஸ்ஸாவைத் தப்பு சொல்லமாட்டேன்.
அம்மாவுக்காக டீச்சர் வேலையை விட்டவள்.
ஒருநாள் மாத்திரைப் பெட்டி காரிலேயே தங்கிவிட
எடுக்க ஓடினேன்.
சீட்டைச் சாய்த்து, ஏசி இரைய,
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்,
அவள் அம்மாவைப் போலவே.
கண்ணாடியைத் தட்டவில்லை.
மாத்திரை அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

எங்களுக்கு நடைக்கூடத்தில் ஐந்து நாற்காலி.
குருநாகல் நந்தனி,
எத்தியோப்பியாக்காரி திகிஸ்த்,
எந்நேரமும் யாருக்கோ பணம் அனுப்பும் மரிவிக், நான்.
ஐந்தாவதில் பைகள்:
டயபர், மாற்று உடுப்பு,
கொட்டை நீக்கி மசித்த பேரீச்சம்பழம்.
உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியவர்கள்.
பேர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொள்வோம்.
எங்கள் பேர் இல்லை, அவர்கள் பேர்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம்
வட்டமாக உட்காரவைத்து பலூன் தட்டச் சொல்வார்கள்.
முன்னாள் வியாபாரி ஒருவர்
தினமும் பலூனுக்கு விலை கேட்பார்.
லூல்வா தட்டமாட்டாள்.
மடியில் விழுந்ததைப் பிடித்து வைத்துக்கொள்வாள்.
ஆட்டம் அதோடு நின்றுபோகும்.

பயிற்சி கொடுக்கும் ஜோர்டான் பையன்
ஒருநாள் குறிப்பேட்டோடு வெளியே வந்தான்.
அர்த்தமில்லாத ஒலி ஒன்றைத்
திரும்பத் திரும்பச் சொல்கிறாள், வலியா, பசியா?
போதூம், போதூம்.

சிரித்துவிட்டேன். அப்புறம் முடியவில்லை.
ஆறு வருஷம்
ஒவ்வொரு கரண்டிக் கஞ்சிக்கும்
"போதுமா மாமா" என்று நான் கேட்டது.
மகன் பேர் போயிற்று, இருந்த தெரு போயிற்று,
தொழுகையில் பாதி போயிற்று.
போகிற அவசரத்தில்
எல்லாம் சேர்ந்து இதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.
அது ஒரு வார்த்தை, எழுதிக்கொள் என்றேன்.
சொன்னால் நிறுத்து.

இந்தக் கோடையில் புதிதாக
இராத்தங்கலும் தொடங்கினார்கள், இரண்டு வாரம்.
ஹெஸ்ஸாவுக்குத் துருக்கி.
எனக்கு டிக்கெட், மூன்று வருஷத்தில் முதல் லீவு.
பழக்கவழக்கங்களைச் சொல் என்றாள் ஷைனி.
விளக்கை முழுசாக அணைக்காதே.
இடது கன்னத்தில் சோறு தங்கும், விரல் விட்டுப் பார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கையில் கொடு,
மேஜையில் வைத்தால் களவு போனதாக அழுவாள்.
கிள்ளுவாள், கோபமில்லை.
இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவை.
ஷைனி எழுதி எழுதிப் பக்கம் திருப்பினாள்.
கடைசியில் பேனாவை என்னிடம் நீட்டினாள்.
கட்டம் சின்னது.
அமலோற்பவத்தில் கடைசி இரண்டு எழுத்து
கோட்டுக்கு வெளியே நின்றது.

விடிந்தால் விமானம்.
லூல்வாவை மாலையிலேயே கொண்டுபோய் விட்டாயிற்று.
அவளுடைய காற்று மெத்தையை அணைக்க மறந்திருக்கிறோம்,
ஆளில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டியது.
எழுந்து போய், கட்டிலருகே நின்று,
கை நீட்டி,

திரும்பி வந்து படுத்தேன்.
இடப்பக்கமிருந்து வலப்பக்கம்
நானே புரண்டுகொண்டேன்.